தழைச்சாமி அடுப்பில் வெந்த குஸ்கா

எங்கள் கம்பெனியில் டூர் என்றால் ஒகேனக்கல்தான். வேறு பேச்சே கிடையாது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேன் வாடகைக்கு ஆளாளுக்குப் பங்கு போட்டு, எண்ணெய்க் கிண்ணமும் மாற்றுத்துணியுமாகக் கிளம்பிவிடுவோம். எண்பதுகளின் பின்பாதி அது. ஓசூரில் ஸ்விட்சும் பிளக்கும் செய்கிற கம்பெனி. அசெம்பிளி லைனில் முழுக்கப் பெண்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். கிருஷ்ணகிரியில் இன்னும் மூன்று பேரோடு ஒரு ரூமில் இருந்தேன். விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் ஓசூர் போய்ச் சேரும்வரை என் வாய் மூடாது. "ரேடியோ வந்திருச்சு" என்பார் டிரைவர். அதற்கும் ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

அந்த வருட ஒகேனக்கலில் ஒரு பெண்பிள்ளை எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். ஆற்றங்கரையில் மீன் பொரித்து விற்கிறவள். நாங்கள் குளித்துச் சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரம், கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"நீங்கள்லாம் ஃபேக்டரி ஆளுங்கதான? வர்றீங்க, குளிக்கிறீங்க, துன்றீங்க, போட்டது போட்டபடி போயிர்றீங்க. மீனு அலச எறங்கறது யாரு, உங்க சூப்பர்வைசரா?" என்று கேட்டு, துணி சுற்றிய பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். போன வாரம் வந்த கூட்டம் உடைத்துப்போட்ட பாட்டில் குத்தியதாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்க பாட்டிலைத் தொட்டவளுகளே இல்ல, தெரியுமா?" என்று ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையில் எச்சில் இலை, முட்டை ஓடு, ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ப் பிசுக்கேறின பேப்பர். ஒரு ஒற்றைச் செருப்புகூடக் கிடந்தது. அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. என் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த அதிசயத்தைப் பார்த்து எங்கள் ஆட்களே கைதட்டினார்கள். மீன்காரி திட்டிக்கொண்டே ஆளுக்கொரு துண்டு பொரித்துக் கொடுத்தாள். அவ்வளவு ருசியான வசவை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் இதே பேச்சு. எங்களுக்குச் சுத்தம் தெரியாதா என்ன? கம்பெனியில் ஷிப்டு முடிந்தால் மேஜையைத் துடைத்து, தரையைக் கூட்டி, ஸ்கிராப்பைத் தட்டில் அள்ளி, அடுத்த ஷிப்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஹேண்டோவர். வந்து உட்காருகிறவளுக்கு முன்னால் அங்கே ஒருத்தி வேலை பார்த்த சுவடே தெரியக்கூடாது. கம்பெனிக்காரன் இடத்தை அப்படி ஒப்படைக்கிறோம், காவேரிக்கரையை மட்டும் இப்படி விட்டுவிட்டு வருகிறோமே என்று எங்கள் க்யூ.சி. அக்கா பெரிதாகக் கவலைப்பட்டார்.

க்யூ.சி. அக்கா சேலத்துக்காரர். லைனின் கடைசியில் உட்கார்ந்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிக்கிறவர். கல்யாணத்துக்குப் போனாலும் அப்பளத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்பார். அடுத்த டூருக்குச் சட்டம் போட்டவர் அவரே. இலை கிடையாது, பேப்பர் கிடையாது, ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. கொண்டுபோவதெல்லாம் கொண்டுவரப்பட வேண்டும், ஆரஞ்சுத் தோல் உட்பட. சுனையில் சோப்புப் போடக்கூடாது. டேப்ரெக்கார்டர் கூடாது, அந்த ஊர்க்காரன் நம் பாட்டைக் கேட்கவேண்டும் என்று என்ன தலையெழுத்து? அடுப்பு மூட்டலாம், ஆனால் பச்சை மரத்தில் கைவைக்கக் கூடாது. காய்ந்து கீழே விழுந்த சுள்ளி மட்டும்தான். இந்தக் கடைசிச் சட்டம்தான் எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது. அதற்கு வருகிறேன்.

இந்த முறை எந்த ஊர் என்பதைச் சொன்னவள் சின்னவள். லைனிலேயே வயதில் சிறியவள் என்பதால் அந்தப் பட்டம். குருபரப்பள்ளியில் பஸ் ஏறுவாள். அங்கிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் அவள் ஊர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், டிரைவரோடு கன்னடம் என்று மூன்றிலும் சிரிப்பாள். அந்த ஊரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய அப்பா கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற மனிதர். மகளை அரைமனசாகத்தான் அனுப்பியிருந்தார். "தை வரைக்கும் பாப்பேன். கம்பெனி ஆளுங்களப் பத்திக் கோணலா ஒரு பேச்சு காதுல வுழுந்தா, அன்னியோட நின்னுக்கணும்" என்று சொல்லியிருந்தாராம்.

"எங்க ஊரு மலைக்கே வாங்கக்கா" என்றாள் சின்னவள். "சொனை இருக்குது, பெரிய பாறை இருக்குது, மயிலு வரும். நாய்னா உங்களயெல்லாம் ஒருவாட்டி பாத்துட்டாருன்னா அப்புறம் என்னை நிக்கச் சொல்லவே மாட்டாரு."

வீட்டில் அப்பாவை அவள் நாய்னா என்றுதான் கூப்பிடுவாள். அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் இருந்த நம்பிக்கை இருக்கிறதே! வேலை நின்றால் அடுத்து என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தாய்மாமன் ஒருவர் தாலியோடு தயாராக இருந்தார். சின்னவளோ ஸ்விட்சுக்கு ஸ்பிரிங் மாட்டுவதில் சூப்பர்வைசரே வந்து நின்று வேடிக்கை பார்க்கிற கெட்டிக்காரி. அவளுக்கு அந்த மேஜையும் ஸ்டூலும் அவ்வளவு பிடிக்கும். டூர் என்கிற பெயரில் நாங்கள் போவது பெண்பார்க்கும் படலம் மாதிரிதான், பார்க்கப்படுவது நாங்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

கிளம்பிய அன்று வேனுக்குள் நடந்த கூத்தை என்ன சொல்ல! தட்டுகள் எல்லாம் ஒரு சாக்கில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாத்திரக்கடை கவிழ்ந்த சத்தம். டேப்ரெக்கார்டர் கூடாது என்று சட்டம் போட்டோமே தவிர, தொண்டைக்குச் சட்டம் போட மறந்துவிட்டோம். மதுரைக்காரி ஒருத்தி எடுத்துக்கொடுக்க, தஞ்சாவூர்க்காரி தாளம் போட, மற்றவர்கள் கூரை பிய்கிற மாதிரி கத்தினோம். "பேசாம அந்தப் பொட்டியையே எடுத்துனு வந்திருக்கலாம்மா, அதுக்குச் சவுண்டு கொறைக்க ஒரு திருகாவது இருக்கும்" என்று வேன் டிரைவர் அழுதார். டீக்கடையில் நிறுத்தி, ஆளுக்கொரு சொந்த டம்ளரை நீட்டினால் கடைக்காரர் மிரண்டுபோய், "எந்த ஊரு பஜனைக் கோஷ்டி?" என்றார். நான் கடலைமிட்டாய்க் காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். அது நாளெல்லாம் குத்திக்கொண்டே இருந்தது.

குருபரப்பள்ளி பிரிவில் சின்னவள் பாவாடை தாவணியில் நின்றிருந்தாள். வேன் போகிற பாதையைக் காட்டினாள். கல்குவாரி லாரி போகிற மண்பாதை, மலைக்குப் பின்பக்கமாகச் சுற்றி வரும். "நீங்க இப்படியே போயி பாறைகிட்ட எறங்குங்க. நான் ஊட்டுக்குப் போயி மோரு எடுத்துனு ஒத்தயடிப் பாதையில வந்துர்றேன். நாய்னாவும் பின்னாலயே வருவாரு" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் எங்களோடு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாறை என்றால் பாறை! ஒரு லைனையே கொண்டுவந்து மேலே போடலாம், அவ்வளவு அகலம். கீழே சுனை. காற்று முகத்தில் அடித்ததும் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருத்தி காரணமே இல்லாமல் ஓடினாள். இன்னொருத்தி அவளைத் துரத்தினாள். மூன்றாமவள் இரண்டு பேரையும் துரத்தினாள். மயிலைப் பார்க்கவில்லை. எங்கள் சத்தத்துக்கு அது கர்நாடகாவுக்கே போயிருக்கும்.

சமையலுக்குப் பொறுப்பு குஸ்காக்காரி. கிருஷ்ணகிரியில் அரிசி மண்டி வைத்திருக்கிற முஸ்லிம் வீட்டுப் பெண். எங்களோடு பேக்கிங்கில் இருந்தாள். கல்யாணத்துக்குச் சமைக்கிற பெரிய தேக்சாவை வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தாள். கறி சாப்பிடாதவர்களும் கூட்டத்தில் இருந்ததால் கறியில்லாத பிரியாணியான குஸ்கா. "வெறகு குடுங்கடி சீக்கிரம். தம்முல போட்டப்புறம் வெறகுக்கு ஓடுனா சோறு அரைவேக்காடு, அப்புறம் என்னைக் கொறை சொல்லாதீங்க" என்று விரட்டினாள்.

விறகு பொறுக்கப் போன கூட்டத்தில் நானும் க்யூ.சி. அக்காவும் இருந்தோம். கீழே விழுந்த சுள்ளி மட்டும் என்றால் எங்கே கிடைக்கும்? ஆடு மேய்கிற மலை, அதில் சருகுகூட மிச்சமில்லை. சலித்துப்போய் ஒற்றையடிப் பாதை வளைகிற இடத்துக்கு வந்தால், ஆத்தாடி! ஒரு பெரிய கல்லின்மேல் சாய்ந்து, இடுப்புயரத்துக்குச் சுள்ளிக்குவியல். அடியில் உள்ளது நொறுங்குகிற காய்ச்சல். நடுவில் உள்ளது பதமான காய்ச்சல். மேலாகக் கொஞ்சம் பச்சை.

"பாத்தியாட்டி? நல்ல மனசோட வந்தா மலையே வெறகு பொறுக்கி வைக்கி!" என்றேன் நான்.

க்யூ.சி. அக்கா சும்மா இருப்பாரா? குவியலின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார். காய்ந்தது ஓகே. பச்சை ரிஜெக்ட். ஓகேயை எல்லாம் நாங்கள் முந்தானையில் அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோனோம். ரிஜெக்டையும் வீணாக்குவானேன் என்று அக்கா அதை ஒரு கட்டாகக் கட்டி, விளக்குமாறு செய்து, நாங்கள் உட்கார்ந்து சாப்பிடவேண்டிய பாறையைச் சுத்தமாகப் பெருக்கினார். அந்த இடத்தில் ஒரு குச்சி மிச்சமில்லை. ஹேண்டோவர் என்றால் அதுதான் ஹேண்டோவர்.

தேக்சாவைத் தம்மில் போட்டு, மூடிமேல் கங்கு வைத்து, வாசனை ஏற ஆரம்பித்தது. அப்போது பாதை வளைவில் ஒரு பொம்பளை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். தோளில் துரட்டி. கையில் சின்னதாக ஒரு புங்கந்தழை. அந்தக் கல்லுக்கு முன்னால் வந்தவள் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கல்லைச் சுற்றி வந்தாள். பிறகு வீல் என்று ஒரு சத்தம்.

"ஐயோ, சாமியக் காணோம்!"

நாங்கள் ஓடினோம். பொறுப்பான டூரிஸ்டுகள் ஆயிற்றே, ஊர்க்காரருக்கு ஒரு கஷ்டம் என்றால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? "சிலையாக்கா? எவனும் திருடிட்டுப் போயிட்டானா?" என்றேன். "எவ்வளவு உசரம் இருக்கும்?"

"இம்மாம் ஒசரம்" என்று இடுப்பைக் காட்டினாள். "காத்தால இருந்துச்சும்மா! நானே பாத்தேன்!"

எங்களில் நாலைந்து பேர் உடனே தேட ஆரம்பித்துவிட்டார்கள். புதருக்குள், பாறைக்குப் பின்னால் என்று சாமியைத் தேடினோம். லாரிப் பாதையில் புதிதாகச் சக்கரத்தடம் ஏதும் இருக்கிறதா என்று மதுரைக்காரி துப்பறியப் போனாள்.

"ஐம்பொன்னாக்கா, பித்தளையா?" என்று நான் விசாரணையைத் தொடர்ந்தேன்.

"தழை" என்றாள் அவள்.

"என்னது?"

"தழைச்சாமிம்மா! இந்த வழியா போறவங்க வர்றவங்கள்லாம் ஆளுக்கொரு பச்சைத் தழைய ஒடிச்சிப் போட்டுட்டுப் போவோம். அதான் சாமி. எங்க தாத்தன் காலத்துலேர்ந்து போட்டுனு இருக்கோம்."

சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் க்யூ.சி. அக்காவின் கையில் போய் நின்றது. அக்கா கையில் விளக்குமாறு. அக்கா அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்ப மீதிச் சாமி எங்க?"

எல்லோரும் ஒருசேரத் திரும்பி அடுப்பைப் பார்த்தோம். குஸ்காக்காரி, என்ன நடக்கிறதென்று தெரியாமல், கடைசிப் பிடிச் சுள்ளியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில் வருகிற சிரிப்பு அது. உதட்டைக் கடித்தேன். பக்கத்தில் நின்றவளுக்கும் அதே கதி. சரியாக அந்த நேரம் பார்த்து, தலையில் மோர்ப்பானையோடு சின்னவள் பாதையில் ஏறி வந்தாள். கையில் ஒரு தழை. வெறும் கல்லைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்த வெளுப்பில் என் சிரிப்பு செத்துப்போனது.

"அக்கா, நாய்னா பின்னாலயே வந்துனு இருக்காருக்கா" என்றாள்.

நாய்னா மட்டுமா வந்தார்? ஆட்டுக்காரம்மா போட்ட கூச்சலுக்குப் பாதி ஊரே வந்தது. முன்னால் பூசாரி. பூசாரி என்றதும் தாடி வைத்த கிழவர் என்று நினைக்க வேண்டாம். முப்பது வயதுக்காரர், பர்கூர்ப் பக்கம் கிரானைட் லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை லீவில் இருந்தவர் காக்கிச்சட்டையோடு அப்படியே ஓடி வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சின்னவளின் அப்பா. ஒல்லியான, உயரமான மனிதர். அடுப்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தெலுங்கில் இரண்டே வார்த்தை சொல்லி, பிறகு எங்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நீ போவ வேணாம்."

சின்னவள் தலையிலிருந்த பானையைக்கூட இறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். நல்லபெயர் வாங்கிக்கொடுக்க வந்து இருந்த வேலையையும் தொலைத்துக் கொடுத்த கதையை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

வாய் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி!" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்த ஊரில் அதுவரை யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அவளை ஒண்ணும் சொல்லாதிய. அவ இங்க இல்லவே இல்ல. நாங்கதான் பச்சை மரத்துல ஒரு கொப்பை ஒடிச்சிரக் கூடாது, ஊர்க்காரவியளுக்கு ஒரு சங்கடம் வந்திரக் கூடாதுன்னு சட்டம் போட்டு, காஞ்சதா பாத்துப் பாத்துப் பொறுக்குனோம். பச்சையை எல்லாம் தனியாப் பிரிச்சு வச்சோம், அண்ணாச்சி!"

"பிரிச்சா?" என்றார் பூசாரி.

"ஆமா. இது ஓகே, இது ரிஜெக்ட்டுன்னு."

"ரிஜெக்ட்ட என்னா பண்ணீங்க?"

க்யூ.சி. அக்கா வேறு வழியில்லாமல் விளக்குமாற்றை முன்னால் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பூசாரியிடம் நீட்டினார். அர்ச்சனைத் தட்டை நீட்டுகிற பவ்யம்!

பூசாரியின் மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். இல்லை. அந்த மனிதர் சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு திரும்பி நின்று குலுங்கினார். "பச்சைத் தழைய ஒடிச்சிப் போட்டாதான் வழி வுடற சாமி. பச்சைய ஒடிக்க மாட்டேன்னு விரதம் இருக்கற பொம்பளைங்க. யாருகிட்ட யாரு மாட்டிக்கினாங்கன்னே தெரியலியேப்பா!" என்றார். ஊர்ப்பெண்கள் பக்கமிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது. அப்புறம் அடக்க யாரால் முடியும்? ஆட்டுக்காரம்மா முதலில் எங்களைத் திட்டிக்கொண்டே சிரித்தாள், பிறகு சிரித்துக்கொண்டே திட்டினாள். சின்னவளின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

இதற்குள் குஸ்காக்காரி கரண்டியோடு எழுந்து வந்தாள். "தப்புதான், கால்ல வேணாலும் வுழறோம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. சோறு வெந்துருச்சு. இனி மூடிய தொறக்கலைன்னா அடி புடிச்சிரும். இந்தச் சோறு இப்ப யாருக்கு?"

பூசாரி முழித்தார். சாமியையே விறகாக்கிச் சமைத்த சோற்றுக்கு முறை என்ன என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? குப்பையில் கொட்டவும் முடியாது, நாங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. ஆளாளுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் தர்க்கம் நடந்தது. கடைசியில் ஆட்டுக்காரம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "இதுல என்னாய்யா ரோசனை? சாமி வெறகுல வெந்தா சாமி சோறுதான். ஊரே துன்னணும். வாசனை வேற மூக்கத் தொளைக்குது."

அவ்வளவுதான். மலை அமர்க்களப்பட்டது. ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அத்தனை ஆளுக்கும் தட்டுக்கு எங்கே போக? நாங்கள் கொண்டுபோன எவர்சில்வர் தட்டுகளை ஊர்க்காரர்கள் முதல் பந்தியில் எடுத்துக்கொள்ள, சுனைத் தண்ணீரை மொண்டு, சுனைக்குத் தள்ளி வந்து கொட்டி நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தோம். குஸ்காக்காரி கொடுத்தது ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். ஆனால் ஊர்ப்பெண்கள் வெறும் கையோடு வரவில்லை. சட்டியில் களி வந்தது, கடலைச் சட்னி வந்தது, கீரைக் கடைசல் வந்தது. களியை மென்று தின்ற தஞ்சாவூர்க்காரியைப் பார்த்து ஊரே உருண்டு சிரித்தது. அதை விழுங்க வேண்டுமாம், மெல்லக் கூடாதாம். குஸ்காவைக் களியில் தொட்டு விழுங்கப் பார்த்த நான் விக்கலெடுத்துச் சாகக் கிடந்தேன். பூசாரி என் தலையில் தட்டி மோர் கொடுத்தார்.

அடுத்து, நாங்கள் சாமிக்குத் தழை போட்டு ஈடுகட்டும் பஞ்சாயத்து வந்தது. க்யூ.சி. அக்கா அப்போதும் விடவில்லை. "பச்சைய ஒடிக்க மாட்டேங்க. சட்டம் போட்டது நானு" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு, ஆடுகளுக்காகத் துரட்டியால் இழுத்துப் போட்டிருந்த தழையைக் காட்டினாள். "இது ஆட்டுக்குன்னு ஒடிச்சது. ஒண்ணொண்ணு எடுத்துக்கம்மா, ஆடு கோச்சுக்காது." அப்படியே ஆனது. ஆளுக்கொரு தழை போட்டோம். வெள்ளாடு ஒன்று அக்கா போட்டதை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டது. அதற்கும் ஒரு சிரிப்பு.

இவ்வளவு கூத்திலும் சின்னவளின் அப்பா தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். பிடித்திருந்ததா, கடமைக்கா, ஒன்றும் தெரியவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்து, பூசாரியும் கொடுத்து, அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது பாறையைக் கழுவி, ஆரஞ்சுத் தோல்வரை பொறுக்கி, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினோம். அவர் ஒரு ஓரமாக நின்று அதையும் பார்த்தார். சின்னவள் கையை ஆட்டினாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

திரும்புகிற வேனில் பாட்டு இல்லை. "இப்பத்தான் எனக்குப் பயமா இருக்குதும்மா, யாராச்சும் கத்துங்க" என்றார் டிரைவர்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடத்துக்கு அடிதடி. குருபரப்பள்ளி நெருங்க நெருங்க ஒருத்தருக்கும் பேச்சில்லை. டிரைவர்கூட "ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டுப்பார்த்தார். வழக்கமாகச் சின்னவள் நிற்கிற புளியமரத்தடியில் அவள் இல்லை. அவளுடைய அப்பா நின்றிருந்தார். தனியாக.

பஸ் நின்றது. அவர் படியருகே வந்து, உள்ளே பார்த்து, "பாப்பா வரல" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ! இறங்கியே விட்டேன். "அண்ணாச்சி, இது நியாயமா? சாமியே மன்னிச்சிட்டு. தப்பு செஞ்சது நாங்க, தண்டனை அவளுக்கா? எங்க லைன்ல அவளை மாதிரி ஸ்பிரிங் மாட்ட ஒருத்தி கிடையாது. அவ அங்க உக்காந்திருக்கிற அழகை நீங்க ஒரு நாள் வந்து பாத்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டிய!" குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. ரோட்டோரத்தில் நின்று ஓவென்று அழுதேன். பஸ்ஸுக்குள்ளும் இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் நான் முடிக்கும்வரை நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டார்.

"வவுறு சரியில்லம்மா அதுக்கு" என்றார். "களியும் துன்னுச்சு, உங்க சோத்தையும் அடிச்சட்டியோட வழிச்சித் துன்னுச்சு. எழுந்திரிக்கவே முடியல. நாளைக்கு வந்துரும்."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அவரையே பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். யாரோ என்னை உள்ளே இழுத்தார்கள். பஸ் நகர்ந்தது. அந்த உயரமான மனிதர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

"ஏம்மா, பாப்பா உக்கார்ற எடத்துல இன்னிக்கி வேற யாரையாச்சும் உக்கார வெச்சிருவாங்களா? வெச்சாலும் நாளைக்கு எழுப்பி வுட்ருவாங்க இல்ல? நீ கொஞ்சம் சூப்பர்வைசருகிட்ட சொல்லு. அது பாப்பாவோட எடம்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸே சேர்ந்து கத்தியது.

"அவ எடம்தான் அண்ணாச்சி! அவ எடமேதான்!"